கடைசியாக உள்ளிட்ட வாக்கியம்

அறுபத்து மூன்றில் நின்றது. நிற்கட்டும், அது எப்போதும் அறுபத்து மூன்றில் கொஞ்சம் மூச்சு வாங்கும், நேற்று ராத்திரிகூட அப்படித்தான், இல்லை, ராத்திரி அறுபத்தேழு, எதுவாக இருந்தால் என்ன, அந்த எண்ணே பொய், நூறில் எத்தனை முடிந்தது என்று அந்தப் பெட்டிக்கு மட்டும் என்ன தெரியும், கேட்டவர்களுக்குச் சமாதானமாக ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு உள்ளே தன் பாட்டுக்கு எதையோ உருட்டிக்கொண்டிருக்கிறது என்று சுகந்தி நினைத்தாள். மணி ஒன்பது ஐம்பது. சரவணம்பட்டியில் இரண்டாவது மாடி, வியாழக்கிழமை, கணவன் ஸ்டீபன் வேலைக்குப் போயாகிவிட்டது, கீழ்வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிறார்கள். இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில், அவளுடைய தங்கை கௌசிகாவுக்கு இன்று நிச்சயதார்த்தம். பத்தே முக்காலிலிருந்து பதினொன்றரைக்குள் நல்ல நேரம். அதற்குள் அப்பா பேச வேண்டும். அப்பா பேசுவதற்கு, கம்ப்யூட்டரில் ஓடும் இந்த எண் நூறாக வேண்டும். இவ்வளவுதான் விஷயம், கேட்டால் சின்ன விஷயம்போலத்தான் இருக்கிறது. அப்பாவுக்கு நாக்கு இல்லை. புகையிலை தின்ற நாக்கை மூன்று வருஷத்துக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன் அவர் குரலில் தொள்ளாயிரம் வாக்கியங்களைப் பதிவு செய்து, அதைத் துண்டு துண்டாக்கி, அவர் போனில் எதைத் தட்டினாலும் அந்தத் துண்டுகளை ஒட்டி அவர் குரலிலேயே பேசும்படி ஓர் ஆப் செய்தாயிற்று. செய்தவள் சுகந்தி. அவருக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பேச்சுப் பயிற்சி தரும் அந்த அம்மாளும் சுகந்தி கேட்டுக்கொண்டபடி அப்படியே விட்டுவிட்டார். தெரிந்தால் தொட்டிருக்க மாட்டார். ஏழு வருஷத்துக்கு முன் அவள் ஸ்டீபனைக் கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் நின்றபோது இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்து, பெண்ணிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு, எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க என்றார் சென்னியப்பன், பஸ் டிப்போ மெக்கானிக், எப்போதுமே கணக்காகப் பேசுகிற மனுஷன். அதன் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. அப்புறம் நாக்கே போய்விட்டது. அம்மா அதற்கெல்லாம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், நல்லவேளை என்று சில நாள் தோன்றும், சில நாள் அப்படித் தோன்றியதற்காக அழுகை வரும்.

எழுபத்தொன்று. எரர். சிவப்பு எழுத்து சரசரவென்று இறங்கியது. ஆப்பின் மேல்பகுதி எந்தத் தொந்தரவும் தருவதில்லை, அது நேற்றைக்கு வந்த பிள்ளைகள்கூட எழுதிவிடுகிற மொழி. அடியில் இருக்கும் எஞ்சின்தான், குரல் துண்டுகளை ஒட்டுகிற எஞ்சின், அது சி பிளஸ் பிளஸ், போனின் எலும்புக்குள் இறங்கி வேலை செய்கிற சமாச்சாரம், ஒவ்வொரு வகைப் போனுக்கும் தனித்தனியாக அதைக் கட்டிக் கொடுக்க வேண்டும். பழைய போனில் மூன்று வருஷம் பிசகாமல் ஓடியது. நிச்சயத்துக்கு அப்பா நல்ல போனாக வைத்திருக்கட்டும் என்று கௌசிகா செவ்வாய்க்கிழமை புதுசு வாங்கித் தந்து பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டாள், பாசத்தில் செய்தது, அவளை என்ன சொல்ல. புதுப் போன் இந்தப் பழைய எஞ்சினைத் தொட்டதும் ஆப்பை மூடிவிடுகிறது. திறக்கும், எழுத விடும், பேசு என்ற பட்டனை அமுக்கியதும் படக்கென்று மூடிக்கொள்ளும். நேற்று சாயங்காலம் கௌசிகா போன் செய்து அக்கா வாயத் தொறக்க மாட்டேங்குது என்றபோது சுகந்தி சிரித்துக்கொண்டே, அரை மணி நேர வேலடி என்றாள். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். இதில் காலையில் அவள் செய்த காரியம் வேறு. ஒன்பதரைக்கு, பொறுமை போய், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டு என்று கட்டளை கொடுத்தாள், இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், வழி தெரியாவிட்டால் கிளீன், அப்புறமும் தெரியாவிட்டால் முன்பு கட்டியவை கிடக்கும் கேஷ் ஃபோல்டரையே அழி, கோயிலைச் சுற்றுவதைப் போல மூன்று தடவை சுற்றினால் சில நேரம் தானாகவே சரியாகிவிடும், ஏன் சரியானது என்று யாரும் கேட்பதில்லை. அழித்தாள். அழித்த பிறகுதான் உறைத்தது, அந்த ஃபோல்டருக்குள்தான் கம்ப்யூட்டரில் ஓடுகிற எஞ்சினும் இருந்தது, நேற்று ராத்திரி வரை பேசிக்கொண்டிருந்த எஞ்சின், அதை வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை, எடுத்து வைக்க வேண்டியவற்றின் பட்டியலில் இந்த மாதிரி கோப்புகளை விலக்கு என்று மூன்று வருஷத்துக்கு முன் எழுதி வைத்ததும் அவளேதான். அது இருந்திருந்தால் இந்தக் கம்ப்யூட்டரிலேயே அந்த ஒரு வாக்கியத்தை அப்பா குரலில் பேச வைத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, கௌசிகா போனிலிருந்து ஒலிக்க விட்டிருக்கலாம். அசல் பதிவுகள் ஆஸ்பத்திரியில் இருக்கின்றன, வெளியே தர மாட்டார்கள். அவளிடம் இருப்பது அரைத்த மாவு, எஞ்சின் இல்லாமல் அதிலிருந்து ஒரு அரிசிகூடத் திரும்ப எடுக்க முடியாது. வேறு யாருடைய பழைய போனிலாவது போடலாமென்றால் குரல் மட்டும் ஒன்றரை ஜிபி, மண்டபத்தில் சிக்னல் ஒரு கோடு. தவிர யாரிடம் கேட்பது, பெரியப்பா மகனிடமா, அவன்தான் ஸ்டேஷனுக்கு வெளியே நின்று இனி அப்படியொருத்தி கிடையாது என்று சத்தம் போட்டவன். இதையெல்லாம் ஒன்பதரையிலிருந்து பத்துத் தடவை யோசித்துவிட்டாள், யோசனை செக்கு மாட்டைப் போல அதே இடத்துக்கு வந்து நிற்கிறது.

சிவப்பு எழுத்தை மேலிருந்து படித்தாள். கடைசியில் இருக்கிற எரர் முக்கியமில்லை, முதலில் இருப்பதுதான் முக்கியம், மற்றதெல்லாம் அது விழுந்ததால் விழுந்தவை. முதல் வரி, ஒலி ஒட்டுகிற லைப்ரரி ஒன்றைக் காணவில்லை என்றது. இருக்கிறதே, இதோ கண்ணெதிரே இருக்கிறதே, கடங்காரா. யாரோ ஒரு புண்ணியவான் எட்டு வருஷத்துக்கு முன் எழுதி இலவசமாக விட்டுவிட்டுப் போன லைப்ரரி அது, பழைய கருவியால்தான் கட்ட முடியும், பழைய கருவி புதுப் போனுக்குக் கட்டாது, புதுக் கருவிக்கு இந்த லைப்ரரியின் பாஷை புரியாது. மாமியாரும் மருமகளுமாக இரண்டையும் ஒரு வீட்டில் வைத்துக் குடும்பம் நடத்த வேண்டும். ஒரு வரியை மாற்றினாள். மறுபடி கட்டு. சுழல ஆரம்பித்தது. அப்போதுதான் ஓரத்தில் மெயில் ஒன்று வந்து விழுந்தது. ஆப் எங்கேயாவது கிராஷ் ஆனால் தானாக ஓர் அறிக்கை அவளுக்கு வரும், அப்படி அமைத்திருந்தாள், நேற்று வந்த ஒன்றிரண்டை அவள் திறக்கவே இல்லை. போனின் வகை, நேரம், எஞ்சினில் எந்த இடத்தில் நின்றது. அவள் வேண்டாவெறுப்பாகத் திறந்தாள். புதுப் போனின் பெயர். ஒன்பது ஐம்பத்தெட்டு. கீழே, அவள் மறந்தே போயிருந்த ஒரு வரி: கடைசியாக உள்ளிட்ட வாக்கியம். அதற்கு நேரே: பொண்ணக் குடுக்கறதுக்கு எனக்குச் சம்மதமுங்க.

அவள் நாற்காலியை விட்டு எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். ஆரம்பத்தில் ழகரம் வருகிற இடங்களில் எஞ்சின் தடுக்கிக்கொண்டிருந்தது, எந்த வார்த்தையில் தடுக்குகிறது என்று தெரிந்துகொள்ள அறிக்கையில் அந்த வரியைச் சேர்த்திருந்தாள், சரியானதும் எடுத்துவிடலாம் என்று. எடுக்கவில்லை. மூன்று வருஷமாக யார் போனிலும் கிராஷ் ஆகாததால் அது இருப்பதே தெரியவில்லை. ஆஸ்பத்திரி வழியாக இன்று அறுபது பேர் சொச்சம் இந்த ஆப்பில் பேசுகிறார்கள், அவர்கள் வீட்டுப் பேச்சு ஒன்றுகூட இப்படி வந்திருக்கக் கூடாது, தப்பு, பெரிய தப்பு, இன்றைக்கே எடுத்துவிட வேண்டும். எடுக்கலாம். அதற்குள் இன்னொரு மெயில். பொண்ணக் குடுக்கறதுக்கு எனக்குச் சம்மதமுங்க. பத்து மணி ஒரு நிமிஷம். இன்னொன்று. அதே. கிராஷ் ஆனால் எழுதியது அழிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் அவர் முதலிலிருந்து தட்டுகிறார், டீசலிலும் கிரீஸிலும் நாற்பது வருஷம் ஊறிய அந்தத் தடித்த விரலால், ஒவ்வொரு எழுத்தாக, வலி மிகும் இடத்தில் க் போட்டு, கடைசியில் அந்த ங்க-வையும் விடாமல். அவர்கள் வகையறாவில் நிச்சயத்தன்று இரு வீட்டாரும் உப்புச் சர்க்கரை மாற்றும்போது பெண்ணைப் பெற்றவன் சபையில் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்பாவின் அண்ணனே சொல்லிவிடட்டுமே என்று மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையாகச் சொன்னபோது அப்பா போனை எடுத்து, நான் சொல்றனுங்க என்று பேசவிட்டு அவர்களைத் திகைக்க வைத்தாராம், கௌசிகா சொல்லியிருக்கிறாள். ஒரு வாரமாக அந்த ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்தாராம். பத்து ஆறு: சம்மதமுங்க. வாக்கியம் நீளமாக இருப்பதால் மூடிக்கொள்கிறதோ என்று சுருக்கிப் பார்க்கிறார், பாவம். பத்து எட்டு: சம்மதம். பத்து ஒன்பது: அ. வெறும் அ. ஐயோ அப்பா, அதனால் இல்லை அப்பா, உங்கள் மேல் தப்பில்லை, என்று வாய்விட்டே சொன்னாள், கீழ்வீட்டில் தேங்காய் துருவும் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது.

ஐம்பத்தெட்டு. அறுபது. அந்தத் தொள்ளாயிரம் வாக்கியங்களையும் எழுதியது அவள்தான். எல்லா ஒலிகளும் எல்லாச் சேர்க்கையிலும் வர வேண்டும், அதற்காகவே எழுதப்பட்டவை, அர்த்தம் முக்கியமில்லை என்று அவளே அந்தப் பயிற்சி அம்மாளிடம் சொன்னாள், ஆனால் எழுத உட்கார்ந்தபோது அர்த்தம் வந்துகொண்டே இருந்தது. ஞாயித்துக்கெழம கறி எடுக்கலாமா. மழ வர்றாப்புல இருக்குது, துணிய எடு. பதிவு நடந்த நான்கு நாளும் அவள் பக்கத்து அறையில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நாக்கு வெந்துபோன வலியோடு ஒவ்வொன்றாக அவர் படித்தார். தன் பெயரை ஒரே ஒரு வாக்கியத்தில் வைத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. வைக்கவில்லை. வைத்தால் அந்த வாக்கியத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவாரோ என்ற பயம், எழுந்து போனால் மீதிக் குரலும் போய்விடும். பிறகு ஒருநாள், எஞ்சின் முதன்முதலாக ஓடிய அன்று, சுகந்தி என்று தட்டிப் பார்த்தாள். சு ஒரு சுண்ணாம்பிலிருந்தும், கந்-தி வேறெங்கெங்கிருந்தோவும் வந்து ஒட்டிக்கொண்டு அப்பாவின் குரல் அவளைக் கூப்பிட்டது. ஒட்டு தெரிந்தது. களவாணித்தனம் செய்து மாட்டிக்கொண்டவளைப் போல மூடிவிட்டாள், அப்புறம் ஒருபோதும் அதைத் தட்டவில்லை. எழுபத்தொன்று. தாண்டியது! எழுபத்து நான்கு. எரர். வேறு எரர், அதுவரைக்கும் நல்லது, வேறு எரர் வந்தால் நகர்ந்திருக்கிறோம் என்று அர்த்தம், அப்படித்தான் எல்லோரும் சொல்லிக்கொள்கிறார்கள், நகர்ந்தது முன்னாலா பின்னாலா என்று யாருக்குத் தெரியும். பத்தே முக்கால். போன் அடித்தது. கௌசிகா.

“அக்கா, ஆச்சா?”

“இன்னும் இல்ல கௌசி. ஒரு பத்து நிமிஷம்.”

“நீ நேத்திருந்து பத்து நிமிஷம்னுதான் சொல்லீட்டு இருக்கற. எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. அப்பா அந்தப் போன வெச்சுட்டுத் தட்டீட்டே இருக்கறாரு. பெரியப்பா ரெண்டு தடவ சொல்லிப் பாத்தாச்சு, நானே சொல்லீர்றன்டா சென்னின்னு. மண்டைய மண்டைய ஆட்டறாரு. எனக்குப் பாக்கவே முடியல.”

“பதினாலு தடவ தட்டியிருக்கறாரு.”

“உனக்கு எப்புடித் தெரியும்?”

“கிராஷ் ஆனா எனக்கொரு மெயில் வரும். கடைசியா என்ன அடிச்சாரோ அது அதுல வந்துருது. நாந்தான் எப்பவோ போட்டு வெச்சது. எடுக்கோணும்.”

“அடிக்கறது பூராவுமா?”

“பூராவும்.”

பின்னாலிருந்து நாதஸ்வரம் கேட்டது, யாரோ பெண்ணை எங்கே என்று தேடும் குரலும். “கூப்படறாங்க. சீக்கிரம் பண்ணுக்கா” என்று வைத்துவிட்டாள்.

சீக்கிரம். சீக்கிரம் என்ற சொல்லைக் கேட்டால் விரல்கள் இன்னும் மெதுவாகின்றன. புதிதாக வந்த எரர், இரண்டு கோப்புகளில் ஒரே பெயரில் ஒரு பொருள் இருக்கிறது, எதை எடுப்பது என்று கேட்டது. எதையாவது எடுத்துத் தொலையேன். இணையத்தில் தேடினாள். ஆறு வருஷத்துக்கு முன் யாரோ இதே எரரைப் போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான், கீழே பதினேழு பேர் எனக்கும் எனக்கும் என்கிறார்கள், பதில் சொல்ல ஒருவருமில்லை, துஷ்டி கேட்க வந்து நிற்கிற கூட்டம்போல. மூடினாள். தானே அந்தப் புண்ணியவானின் கோப்பைத் திறந்து நாலாயிரம் வரிகளுக்குள் இறங்கினாள். இப்போது மேடையில் பாய் விரித்திருப்பார்கள். தட்டு வரிசை. அப்பா வெள்ளைச் சட்டையில் மொடமொடவென்று உட்கார்ந்திருப்பார், தாடையின் ஒருபக்கம் உள்ளே போயிருக்கும், அதை மறைக்கத் துண்டை அந்தப் பக்கமாகப் போட்டிருப்பார், அந்தத் துண்டைப் பற்றிக் கௌசிகா சொன்னதுதான், அவள் பார்த்ததில்லை, ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. முன்பிருந்த குரல் இருக்கிறது அவளிடம், இப்போதிருக்கிற முகம் இல்லை. இப்போதே கிளம்பினால் ஒன்றரை மணிக்குள் போய்விடலாம். போய்? வாசலில் நின்று என்ன செய்வது, அவருக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. வரி ஆயிரத்து இருநூற்று ஆறு. இதுதானா? ஒரு பெயரை மாற்றினாள், மறுபடி கட்டு. பதினொன்று ஐந்து. பூஜ்யத்திலிருந்து. மெயில் வந்தது: பொண்ணக் குடுக்கறதுக்கு எனக்குச் சம்மதமுங்க. திரும்பவும் முழு வாக்கியம். சபையில் இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க அவர் அமுக்குகிறார், அது மூடிக்கொள்கிறது, உலகத்தில் அந்த வாக்கியம் போய்ச் சேருகிற ஒரே ஆள், கூப்பிடாத ஆள், இங்கே சரவணம்பட்டியில் நைட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டுதுங்கப்பா, எனக்குக் கேட்டுது. அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம். நாற்பது. நாற்பத்தொன்று. பதினொன்று பதினேழு. இன்னும் ஒரு மெயில், அதே. அதற்கப்புறம் வரவில்லை. வராதது வந்ததைவிடப் பயமாக இருந்தது. எழுபத்து நான்கு. எழுபத்தைந்து. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள், மூச்சு விட்டால் நின்றுவிடுமோ என்பதுபோல.

பதினொன்று நாற்பதுக்குக் கௌசிகா கூப்பிட்டாள். “முடிஞ்சுதுக்கா. பெரியப்பா சொல்லீட்டாரு. தட்டு மாத்தியாச்சு.”

“அப்பா?”

“பக்கத்துல உக்காந்திருந்தாரு. தலைய ஆட்டுனாரு.” குரலைத் தாழ்த்தி, “அக்கா, ஒண்ணு பண்ணிப்போட்டேன். திட்டாத” என்றாள்.

“என்னத்த?”

“அப்பாகிட்டச் சொல்லீட்டேன். இதச் செஞ்சது ஆஸ்பத்திரி இல்ல, அக்காதான்னு. நின்னுபோறப்ப நீங்க அடிக்கறது அவளுக்குத்தான் போகுது, அவ சரி பண்ணீட்டா போகாது, அது வரைக்கும் தட்டாதீங்கன்னு. அத்தன பேர் முன்னால அவரு தட்டீட்டே இருக்கறதப் பாக்க முடியல அக்கா. அதான்.”

“என்ன சொன்னாரு?”

“அவரு என்னத்தச் சொல்லுவாரு. போன ஜோப்புல போட்டுட்டாரு. தட்டு மாத்துனதும் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. பந்திக்குக்கூட வரல.”

வைத்தபின் சுகந்தி அழவில்லை, அழ வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. போயிற்று. ஒரு வாக்கியத்தைக் காப்பாற்றப் போய் மொத்தக் குரலையும் தொலைத்தாயிற்று. இனி அவர் அதைத் திறக்க மாட்டார். எழுதிக் காட்டுவார், இல்லாவிட்டால் அதுவும் வேண்டாமென்று இருந்துவிடுவார், அவருக்கு அது கஷ்டமே இல்லை, பேசாமலிருப்பதை நாக்கு இருந்தபோதே நன்றாகச் செய்து காட்டியவர்தானே. கௌசிகாவின் மேல் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போனது, பாவம் அவள், அவளுக்கு இன்றைக்கு நிச்சயம். தன் மேல் வந்த கோபம்தான் போகவில்லை. எண்பத்தெட்டு. ஏன் இன்னும் ஓடுகிறாய், யாருக்காக, நல்ல நேரம் முடிந்துவிட்டது, நிறுத்து. நிறுத்தவில்லை. நிறுத்தக் கை வரவில்லை. தொண்ணூற்றாறு. அப்புறம் அந்தச் சனியன், நேற்று சாயங்காலத்திலிருந்து அவளை அலைக்கழித்த அந்தச் சனியன், ஒன்றுமே நடக்காததுபோலப் பச்சை எழுத்தில் வெற்றி என்றது. பதினொன்று ஐம்பத்து மூன்று. நாற்பது எம்பி, அனுப்பினால் இரண்டு நிமிஷத்தில் அப்பா போனுக்குப் போய்விடும், அதன் பிறகு கிராஷ் ஆகாது. அனுப்பு என்ற பட்டனின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு அவள் அதையே பார்த்தாள்.

மெயில் வந்தது. புதுப் போனின் பெயர், பன்னிரண்டு மணி, அதே இடம். கடைசியாக உள்ளிட்ட வாக்கியம்: சுகந்தி.

திரும்பத் திரும்பப் படித்தாள், நான்கு எழுத்துதான், எவ்வளவு நேரம் படிக்க முடியும். பேசு என்ற பட்டனை அமுக்கினால் பேசாது, மூடிக்கொள்ளும் என்று காலையிலிருந்து இருபது தடவை பார்த்தவர். தெரிந்தேதான் அமுக்கியிருக்கிறார். அடுத்தது நான்கு நிமிஷம் கழித்து வந்தது: வருதா. வருதுங்கப்பா என்று அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள். பதில் அனுப்ப வழியில்லை, இந்தப் பாதையில் இந்தப் பக்கம் வரத்தான் முடியும், அந்தப் பக்கம் எதுவும் போகாது, அவள் அப்படித்தான் கட்டியிருந்தாள். மெசேஜ் போட்டால் இதை நிறுத்திவிடுவாரோ என்று பயம், போன் செய்தால் என்ன சொல்வது, அவர் எடுத்தால் பேச முடியாது, ஆப் திறந்து பேசலாமென்றால் ஆப் சரியாக வேண்டும், சரியானால் அவர் எல்லோரோடும் பேசலாம், இப்படித் தனியாக அவளிடம் வராது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கை கட்டியிருந்தது. அடுத்தது வர வெகுநேரமாயிற்று. மண்டபத்துக்கு வெளியே எங்கேயாவது ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு அந்தத் தடித்த விரலால் தட்டிக்கொண்டிருப்பார், அழிந்து அழிந்து மறுபடி தட்டுவார். பன்னிரண்டு இருபதுக்கு வந்தது: உன்னயக் கூப்பிட்டிருக்கோணும். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்புக்குறி இன்னும் அந்தப் பட்டனின் மேலேயே நின்றது. அனுப்பிவிட வேண்டும், அவருக்குக் குரல் வேண்டும், இது தெரியாதா அவளுக்கு, எந்த மகளாவது இதற்கு யோசிப்பாளா, இதோ அனுப்புகிறேன், இன்னும் ஒரே ஒரு நிமிஷம். பன்னிரண்டு இருபத்தாறுக்கு இன்னொன்று வந்தது.

கடைசியாக உள்ளிட்ட வாக்கியம்: நீ சரி பண்ணிப்போட்டா இது வராதாமா. மெல்லப் பண்ணு அம்மிணி.